பத்தாவது முள்

16-7-2004, வெள்ளி.

நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. ‘ஒட்டியது ஒன்பது, எடுத்தது எட்டு, டயரில் ஒன்று, கணக்கு சரி’ என்று எழுதியிருக்கிறேன். ஒட்டியது பத்து.

இவ்வளவும் எழுதிவிட்டு மகிழினி தீப்பெட்டியை மறுபடி திறந்து, உள்ளே இருந்த முட்களை நோட்டின் மேல் கொட்டி எண்ணினாள். ஒன்பது. முன்பு பதினொன்று இருந்தது. ஒன்று அந்தப் பஞ்சர் கடை ஆளின் கைக்குப் போய்விட்டது. இன்னொன்று எங்கே என்பதுதான் கேள்வி.

அவள் எதையும் இரண்டு முறை அளக்கிறவள். இரண்டு அளவும் ஒத்துப்போனால், இரண்டு தடவையும் ஒரே தப்பைத்தான் செய்தோமோ என்று மூன்றாவது முறை அளப்பாள். எர்ணாவூர் பெயின்ட் கோடவுனில் பகலெல்லாம் டப்பாவுக்கு லேபிள் ஒட்டிவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குத் திருவொற்றியூரில் மாலைநேர பாலிடெக்னிக்கில் வரைபட வகுப்பு. அளவு போடாத கோடு கிறுக்கல் என்பார் அங்கே சார். அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் நோட்டு எழுதுகிறாள். கிளம்பிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம், வழியில் நடந்தது எல்லாம் அதில் உண்டு.

வழி என்றால் அவளுக்கு ஒரே வழிதான். அவள் அப்பாவை மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரி அடித்து ஐந்து வருடம் ஆகிறது. வகுப்பில் சேர அப்ளிகேஷன் வாங்கி வந்த அன்று, மீன் கம்பெனியில் இறால் உரித்துவிட்டு வந்திருந்த அம்மா கன்னியம்மா ஈரக்கையைக்கூடத் துடைக்காமல் சொன்னாள்: “படி, வாணாங்கல. ஆனா தண்டவாள ரோட்டுலதான் போவணும். மெயின் ரோட்டுல ஒரு நாள் கால வச்சன்னு காதுல வியட்டும், அத்தோட படிப்பும் வாணாம் ஒரு மண்ணும் வாணாம்.”

தண்டவாள ரோட்டில் தண்டவாளம் கிடையாது. மூடிப்போன, இரும்பு உருக்கும் பவுண்டரி ஒன்றுக்கு ஒரு காலத்தில் சரக்கு வண்டி போன பாதை அது. இரும்பைப் பெயர்த்துக்கொண்டு போன பிறகு ஜல்லி மேடு சில வருடம் சும்மா கிடந்தது. அப்புறம் அதன்மேல் சிமென்ட் சிலாப்பு போட்டு சைக்கிள் போகிற வழியாக்கினார்கள். மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், பத்துப் பத்து மீட்டரில் முந்நூற்றுப் பன்னிரண்டு சிலாப்பு. பத்து சிலாப்புக்கு ஒன்றாக எர்ணாவூர் முனையிலிருந்து மஞ்சள் பெயின்ட்டில் எண் போட்டிருக்கும். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் காடாக மண்டி, மேலே கிளைகள் கோத்துக்கொண்டு கிடக்கும். நடுவில் கொஞ்சதூரம் சவுக்கு. அதற்கு முன்னால், எர்ணாவூர்ப் பக்கம் கொஞ்சதூரம், ஒரு பக்கம் கழிமுகத்துச் சேறு, மறுபக்கம் கம்பெனி மதில். சிலாப்புக்குச் சிலாப்பு தார் ஊற்றிய மூட்டு உண்டு. சக்கரம் அதில் ஏறும்போதெல்லாம் டொக்கென்று ஒரு சத்தம். வேகமாக மிதித்தால் ரயிலில் போகிற மாதிரியே இருக்கும். காற்றில் கரியும் அமோனியாவும் அடித்தாலும், அந்தப் பதினைந்து நிமிஷம் அவளுக்கு நாளிலேயே நல்ல நேரம்.

இருநூறாவது சிலாப்பில் பழைய ரயில்வே கேட் ரூம். அதில்தான் லட்சுமணனின் பஞ்சர் கடை. வாசலில் வேப்பங்கிளையில் ஒரு பழைய டயர் தொங்கும். மொத்தப் பாதைக்கும் அது ஒன்றுதான் கடை. ஆள் தாட்டியாக இருப்பார், கொஞ்சம் முட்டி வலி, வாய் மட்டும் ஓயாது.

“இன்னா காலேஜி, இன்னிக்கும் புஸ்ஸா?” என்பார் அவள் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்ததும். “உன் டயருக்கும் என் கடைக்கும் இன்னா லவ்வோ தெர்ல.”

“அண்ணே, ஆறு மணிக்கு பேர் கூப்புடுவாங்க. கொஞ்சம் சீக்கிரம்.”

“சீக்கிரம் போட்டா சீக்கிரம் பிச்சிக்கும். குந்து.”

டியூபை உருவி, தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைத் தேய்த்து, சொல்யூஷன் பசை தடவிக் காய வைப்பார். அதற்கு நாற்பது நிமிஷம் ஆகும். எல்லாம் முடிந்ததும் அவர் ஒரு காரியம் செய்வார். டயரிலிருந்து பிடுங்கிய முள்ளை வேட்டியில் துடைத்து, வாடிக்கைக்காரர் உள்ளங்கையில் வைப்பார். “பாத்துக்க, சும்மா பஞ்சர்னு சொல்லி ஏமாத்துற தொயில் இல்ல நம்மளுது. ரோட்டுல போடாத, அட்த்தவன் கால்ல ஏறும்.” அவர் அப்பா காலத்துப் பழக்கமாம். மகிழினி அந்த முட்களைத் தூக்கிப் போடவில்லை. அன்றன்றைக்குத் தீப்பெட்டியில் போட்டு, நோட்டில் தேதி எழுதிவைத்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அவளால் எதையும் எழுதாமல் விட முடிவதில்லை, அவ்வளவுதான்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பதினொரு பஞ்சர். பரீட்சைக்கு உட்கார வருகை எழுபத்தைந்து சதவீதம் வேண்டும். அவளுக்கு எழுபத்தொன்று. நூறு நாள் வகுப்பில் வெறும் நாலு நாள் குறைந்தது. ரெஜிஸ்டரில் அவள் பேரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. சார் அடிமட்டம் வைத்துத்தான் போட்டார். “பஞ்சர்னா முன்னாடியே கிளம்பணும்மா” என்றார். முன்னாடி கிளம்ப முடியாது. கோடவுனில் ஐந்தேகாலுக்குத்தான் விடுவார்கள். கூடப் படித்த கௌசர் இரண்டாம் வருடத்துக்குப் போய்விட்டாள். மகிழினி ஜூனில் மறுபடி முதல் வருடத்தில், தன்னைவிடச் சின்னப் பெண்களோடு உட்கார்ந்தாள்.

சேர்ந்த முதல் வாரமே பன்னிரண்டாவது முள். ஆனால் அது டயரின் ரப்பரில் மட்டும் ஏறி, டியூபைத் தொடாமல் நின்றிருந்தது. கடை வருவதற்கு முன்பே அவள் அதைப் பார்த்து, காம்பஸ் ஊசியால் தானே நெம்பி எடுத்தாள். முள்ளின் அடியில் கறுப்பாக ஒரு பொட்டு. முகர்ந்து பார்த்தாள். சொல்யூஷன் வாசனை.

தீப்பெட்டியில் இருந்த பதினொன்றிலும் அதே பொட்டு இருந்தது. அதையெல்லாம் லட்சுமணன் விரலில் இருந்து ஒட்டியது என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். இதுவோ அவர் விரல் படாத முள். அதைப் பெட்டியில் சேர்க்காமல் நோட்டின் அட்டையில் தனியாகக் குத்திவைத்தாள்.

அப்போதும் அவள் நம்பவில்லை. தன் சந்தேகத்தின் மேலேயே அவளுக்குச் சந்தேகம். மறுநாள் கோடவுனில் தலைவலி என்று சொல்லி மூன்றரைக்கே வந்து சவுக்கு மறைவில் நின்றாள். நாலு மணிக்கு லட்சுமணன் செருப்பை அக்குளில் செருகிக்கொண்டு, கையில் சொல்யூஷன் ட்யூபோடு வந்தார். நூற்று எழுபதாவது சிலாப்பிலிருந்து குனிந்து குனிந்து வந்தார். கருவேல முள் சும்மா கிடந்தால் படுத்துத்தான் கிடக்கும், டயர் அதன்மேல் ஏறிப் போய்விடும். அவர் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சொட்டு வைத்து, சிலாப்பின் மேல் செங்குத்தாக நிற்கும்படி ஒட்டினார். ஒட்டி முடித்து, விரலால் சுட்டி எண்ணிப் பார்த்துக்கொண்டு திரும்பிப் போனார்.

மகிழினி நோட்டை எடுத்தாள். தேதியைத் தவிர ஒன்றும் எழுத வரவில்லை.

கௌசரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அவளோ, “நாலு பேர இட்டுனு போய் செவுலு திரும்பற மாதிரி வுடச் சொல்லு” என்றாள். அடி வாங்கினால் அவருக்கு இரண்டு நாள் வலிக்கும். அவளுக்குப் போனது ஒரு வருடம். இரண்டு நாளும் ஒரு வருடமும் ஒரே அளவு ஆகாது. அவளுக்கு அளவு முக்கியம். சரியான அளவு என்னவென்று அவள் மூன்று வாரம் யோசித்தாள். யோசிக்கும்போதெல்லாம் அந்தச் சிவப்புக் கோடு, அடிமட்டம் வைத்துப் போட்ட கோடு, கண்ணுக்குள் குறுக்கே போனது. இதற்கிடையில் தினமும் நூற்று எழுபதில் இறங்கி, சைக்கிளைப் புல்லில் தள்ளிக்கொண்டு போய் இருநூறில் ஏறினாள்.

“இன்னா காலேஜி, இப்பல்லாம் கடப்பக்கம் எட்டியே பாக்கறது இல்ல?” என்று ஒரு நாள் லட்சுமணன் கூப்பிட்டார்.

“புது டயர்ணே.”

“புதுசோ பழ்சோ, காத்தாவது அடிச்சினு போ. அட்த்த மாசம் பாரு, இந்தக் கடயே சோக்கா ஆவப் போவுது. இந்த ரோட்டுக்கு முனிசிபாலிட்டில ஆறு பங்க் கட குடுக்கறாங்கோ. எடத்துல கீறவனுக்குத்தான் மொத சான்ஸு. வியாழக்கெயம பத்து மணிக்கு திருவொத்தியூர் ஆபீஸாண்ட பேர் கூப்புடுவாங்க. நேர்ல நிக்கணும். இல்லாதவன் பேர அங்கியே அடிச்சிடுவாங்களாம்.”

மகிழினி காற்றடிக்கும் பம்ப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எத்தினி மணின்ணே?”

“பத்து. எர்ணாவூர் வூட்லந்து ஒம்போதேகாலுக்கு ஏறி மிதிச்சா ஆச்சி. மொட்டி வலிக்கு பஸ்ஸெல்லாம் ஏற முடியாது.”

அன்றைக்கு நோட்டில் அவள் எழுதியது ஒரே வரி: ‘வியாழன், பத்து மணி. பேர் கூப்பிடுவார்கள்.’

மீதியை வரைபடத்தாளில் போட்டாள். அறுபதாவது சிலாப்பைத் தேர்ந்தெடுத்தாள். அங்கே ஒரு பக்கம் சேறு, மறுபக்கம் மதில், ஒதுங்கிப் போக ஒரு முழம்கூட இடமில்லை. ஷேர் ஆட்டோ பிடிக்க மெயின் ரோட்டுக்குப் போகும் சந்தும் கேட் ரூமுக்கு முன்னால் கிடையாது. திரும்பிப் போனால் எர்ணாவூர் முனையிலிருந்து மெயின் ரோடு இன்னும் தூரம். அங்கிருந்து அவர் கடைக்கு ஆயிரத்து நானூறு மீட்டர். முட்டி வலியோடு சைக்கிளைத் தள்ளினால் அரைமணி. பிறகு பஞ்சர் போட நாற்பது நிமிஷம். எட்டரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில் அந்தப் பக்கம் வேறு சைக்கிள் வருகிறதா என்று கோடவுனுக்கு லீவு போட்டு மூன்று நாள் பார்த்தாள். வரவில்லை. லட்சுமணன் சாயங்காலம் இருட்டுவதற்குள் தன் முட்களை எடுத்துவிடுவதால், காலையில் அவர் தரையைப் பார்த்து ஓட்டுவதில்லை என்பதையும் பார்த்து வைத்தாள்.

வியாழக்கிழமையும் லீவு போட்டு, காலை எட்டேமுக்காலுக்கு, லட்சுமணன் தன் கையாலேயே அவள் கையில் வைத்த பதினொரு முட்களில் முனை மழுங்கிய ஒன்றை விட்டுவிட்டு மீதியை அதே சொல்யூஷனால் ஒட்டினாள். லேபிள் ஒட்டிப் பழகிய கை. இரண்டு வரிசை, ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று. பிறகு சைக்கிளோடு பின்னால் போய்க் கருவேலத்துக்குள் நின்றாள். ஒரு வேளை அவர் வராவிட்டால் என்று நினைத்தாள். வந்து, முள் ஏறாவிட்டால் என்றும் நினைத்தாள். வேறு யாராவது வந்துவிட்டால் என்பதை மட்டும் அவள் நினைக்கவில்லை. அதுதான் மூன்று நாள் பார்த்தாயிற்றே.

ஒன்பது இருபத்திரண்டுக்கு லட்சுமணன் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கேரியரில் பிளாஸ்டிக் கவருக்குள் காகிதங்கள். வாயில் ஏதோ பாட்டு. டொக், டொக், டொக். அறுபதைத் தாண்டியதும் முன்சக்கரம் சீறியது. பத்தடி போய் இறங்கினார். டயரை அழுத்திப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தள்ளிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து, ஓட்டமாகவும் இல்லாமல் நடையாகவும் இல்லாமல் போனார்.

மகிழினி அவரைக் கொஞ்சதூரம் விட்டுவிட்டு, முட்களைத் தாண்டி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து, ஏறி, மணி அடித்தாள்.

“காலேஜி,” என்றார் அவர். முகமெல்லாம் வேர்வை. “ஆத்தா மாதிரி வந்த. கேட் ரூம் வரிக்கும் டபுள்ஸ் இட்டுனு போ. நான் மிதிக்கிறேன், நீ பின்னால குந்து. அங்க சந்துல ஆட்டோ புடிச்சிக்கினு பூடுவேன்.”

“இருங்கண்ணே. மொதல்ல முள்ள எடுக்கணும்ல.”

“முள்ளு கெடக்குது வுடு, பத்து மணிக்கு—”

“சும்மா பஞ்சர்னு சொல்லி ஏமாத்தக் கூடாதுல்ல.”

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, வரைபடப் பெட்டியிலிருந்து காம்பஸை எடுத்து, அவசரமில்லாமல் நெம்பினாள். முள்ளைத் தாவணியில் துடைத்தாள். அவர் கையைப் பிடித்து விரித்து உள்ளங்கையில் வைத்தாள்.

“பாத்துக்கங்க. ரோட்டுல போடாதீங்க, அடுத்தவன் கால்ல ஏறும்.”

லட்சுமணன் முள்ளைப் பார்த்தார். அடியில் இருந்த பொட்டைக் கட்டைவிரலால் தேய்த்தார். அது உருண்டு வந்தது. அவர் முகத்தில் வேர்வை அப்படியே நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

“இது...”

“உங்களுதுதான். பதினொண்ணு குடுத்தீங்க, தேதி போட்டு வச்சிருக்கேன். எந்தெந்த நாளுன்னு சொல்லவா?”

“பாப்பா,” என்றார். ‘காலேஜி’ போய்விட்டது. “ஒம்போது வருசமா அந்த ரூம்ல கீறேன். பேர அடிச்சிடுவானுங்க.”

“எனக்கும் அடிச்சாங்கண்ணே. ஸ்கேல் வச்சி.”

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் சைக்கிளைத் திருப்பி, வந்த பக்கமே போனாள். பின்னால் அவர் மறுபடி தள்ள ஆரம்பித்த சத்தம் கேட்டது. காற்றில்லாத டயர் ஒவ்வொரு மூட்டிலும் தப்பு தப்பென்று விழுந்தது. அவளுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. கேட்கிற வரைக்கும் நின்று கேட்டாள்.

பிறகு அறுபதாவது சிலாப்புக்கு வந்து முட்களைப் பெயர்க்கத் தொடங்கினாள். எட்டு எடுத்திருப்பாள். சேற்றுப் பக்கமிருந்து நண்டு பிடிக்கிறவர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டே மேடேறி வந்தார்கள். அவள் சட்டென்று எழுந்து, செயின் கழன்றதுபோல் சைக்கிளோடு நின்று, அவர்கள் போகும் முன்பே கிளம்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் வகுப்புக்குப் போகும் வழியிலேயே சேதி வந்துவிட்டது. சந்தில் ஆட்டோ கிடைக்காமல் பஞ்சரைப் போட்டுக்கொண்டு லட்சுமணன் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். கேட் ரூம் இடம் பட்டியலில் அடுத்திருந்த ஜூஸ் கடைக்காரருக்குப் போய்விட்டது. அன்றிரவு அவள் இரண்டு தட்டு சோறு தின்றாள். “இன்னாடி, இன்னிக்கு வயிறு தொறந்துக்கிச்சா?” என்றாள் அம்மா. கணக்கு சரி என்று எழுதி, அடியில் அடிமட்டம் வைத்து ஒரு கோடும் போட்டாள்.

இன்று, வெள்ளிக்கிழமை, ஐந்தரை மணிக்குக் கேட் ரூமைத் தாண்டும்போது லட்சுமணன் தன் சாமான்களை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பம்ப், தண்ணீர்த் தொட்டி, வேப்பங்கிளையில் தொங்கிய டயர். அவள் வேகமாக மிதித்தாள்.

“நில்லு,” என்றார்.

நின்றாள். பயமாக இருந்தது. ஆனால் இறங்கவில்லை.

அவர் கிட்டே வரவில்லை, கத்தவும் இல்லை. வண்டியில் கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டார். “எத்தினி ஒட்டுன?”

“ஒம்போது.”

“எத்தினி எடுத்த?”

“எட்டு. ஒண்ணு உங்க டயர்ல.”

“எண்ணித்தான் எடுத்தியா?”

அவள் பெடலைப் பின்னுக்குச் சுற்றினாள்.

“நான் பதினாலு ஒட்டுவேன். இருட்றதுக்குள்ள பதினாலும் கைல வந்தாவணும். டயர்ல போனது அத்தோட சேர்த்தி. ஒண்ணு கொறஞ்சாலும் தேடாம வூட்டுக்குப் போவ மாட்டேன். நைட் ஷிப்ட் முட்ச்சி தூங்கிக்கினே ஓட்டினு வருவானுங்கோ. வியுந்தா சேத்துலதான்.” கயிற்றைக் கடித்து முடிச்சுப் போட்டார். “நீ எண்ணியிருக்க மாட்ட. பதட்டத்துல எவனுக்கும் எண்ண வராது. எனக்கு ஒரு மாசம் ஆச்சி.”

“உங்களுக்கு அதப் பத்தி இன்னா அக்கறை?”

“அக்கறை இல்லமே. தொயில் சொன்னேன்.” வண்டியில் ஏறி உட்கார்ந்தார். “இனிமே இந்த ரோட்டுல பஞ்சர் ஆனா ஜூஸ் குடிச்சினு நடங்க.”

வகுப்பில் அவளுக்கு ஒரு கோடுகூட நேராக வரவில்லை. பக்கத்து டெஸ்கில் எழில்மொழி, எர்ணாவூரில் அவளுக்கு அடுத்த பிளாக்கில் இருக்கிற பெண், நாளை நடக்கும் முதல் டெஸ்ட்டுக்குப் பென்சில் சீவி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு டெஸ்ட் மட்டும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. தாமதமாக வந்தால் உள்ளே விடமாட்டார்கள். மெயின் ரோட்டுக்குப் பயந்து படிப்பே வேண்டாம் என்றிருந்த அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், தண்டவாள ரோடு இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று பேசிச் சேர்த்துவிட்டது மகிழினிதான்.

எட்டு மணி ஷிப்ட் ஆட்களோடு திரும்பும்போது அறுபதில் இறங்கிப் பார்த்தாள். டைனமோ வெளிச்சத்தில் சிலாப்பெல்லாம் ஒரே சாம்பல். கூட்டம் முன்னே போய்விட்டது. ஒன்றும் தெரியாமல் ஏறி வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து வரைபடத்தாளைப் பிரித்தாள். இரண்டு வரிசை, ஒவ்வொன்றிலும் ஐந்து பெருக்கல் குறி. பிறகுதான் தீப்பெட்டியைத் திறந்தாள். பத்தாவது முள் இன்னும் அறுபதிலேயே நிற்க வேண்டும்.

மூடிய பேனாவை மறுபடி திறந்து, தேதிக்குக் கீழே விட்ட இடத்திலிருந்து எழுதினாள்.

லட்சுமணன் விஷயத்தில் எனக்கு வருத்தம் இல்லை. இதை மூன்று முறை யோசித்துவிட்டு எழுதுகிறேன். நேற்று போட்ட கோட்டை மட்டும் அடித்துவிட்டேன்.

நாளை: ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும். துடைப்பமும் காம்பஸும் எடுத்துக்கொள்ள வேண்டும். சிலாப்பு ஐம்பத்தைந்திலிருந்து எழுபது வரை உட்கார்ந்து, கையால் தடவித் தேட வேண்டும். எட்டு மணிக்குள் கிடைக்காவிட்டால் அங்கேயே நின்று, எழில்மொழியை இறக்கி, அவள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டுபோய் எழுபதில் வைக்க வேண்டும்.